பஸூன் மைக்கில் கசிந்தது

நாங்கள் நானூற்று நாற்பத்து மூன்றில் சுருதி சேர்ப்பவர்கள்.
அவர்கள் நானூற்று நாற்பது.
முதல் ஒத்திகையில் சண்டையே அதற்குத்தான்.
எவ்ஷெனின் பழைய ஆர்கன் ஏறியும் வராது.
ஆள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்,
பெட்டிக்கு மட்டும் பிடிவாதம் போகவில்லை.
கடைசியில் நாங்கள் அறுபத்தெட்டுப் பேரும்
மூன்று ஹெர்ட்ஸ் கீழே இறங்கினோம்.
ஓபோவின் நாணலை மயிரிழை வெளியே இழுத்தபடி
யித்கா சொன்னாள்:
இது சுருதி இல்லை, சமரசம்.

ஒஸ்த்ராவா. ஒரு காலத்தில்
எரிவாயு தேங்கி நின்ற இரும்புத் தொட்டி
இப்போது அரங்கம்.
டிரம்ஸ் ஸ்லாவெக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள்,
சேவலைக் கூடையில் கவிழ்த்த மாதிரி.
எங்கள் காதுகளில் மஞ்சள் பஞ்சு.
எனக்கு இரண்டாவது பஸூன்:
நான்காம் பாட்டில்
தொண்ணூற்று நான்கு அளவு சும்மா இருக்கிற வேலை.
சும்மா இருப்பது சுகம் என்றவர்
எண்ணிக்கொண்டே இருந்து பார்த்ததில்லை.
தொண்ணூற்றைந்தில் ஒரே ஒரு சுரம்,
மூச்சு முட்டும்வரை.

அது ‘மூன்றாம் ஷிப்ட்’.
இந்த ஊரில் பல் முளைத்த எவருக்கும் தெரிந்த பாட்டு.
போஹுஷுக்கு எழுபத்தொன்று;
ஒரு முழு சுரம் இறக்கி எழுதியிருந்தார்கள்.
முதல் சரணம் தாண்டினார்.
இரண்டாவதற்கு வாய் திறந்தார்.
திறந்த வாய் திறந்தபடி.

கோல் பிடித்த ஸ்லாமலோவாவின் இடது கை
காற்றில் சின்னதாய் ஒரு வட்டம் போட்டது.
அதே நான்கு அளவு.
மறுபடி வட்டம்.
அதே நான்கு அளவு.
என் சுரத்தை விடவும் முடியாது
பிடிக்கவும் முடியாது
பக்கத்தில் க்வீடோ மூச்சு வாங்கும்போது நான்
நான் வாங்கும்போது அவன்.

மாடியில் யாரோ தொடங்கினார்கள்.
பிறகு தரை.
பிறகு மூவாயிரம் பேர்.
நானூற்று நாற்பதிலும் இல்லை, நாற்பத்து மூன்றிலும் இல்லை.
பாதிப் பேர் ஒரு சுரம் மேலே நின்றார்கள்,
அவர் முப்பது வயதில் நின்ற இடத்தில்.
என் பின்னால் ஒரு பெண்
‘உலை’ என்று வரவேண்டிய இடத்தில்
‘விளக்கு’ என்று பாடினாள், உறுதியாக.
போஹுஷ் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு
ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஆல்பம் வந்தது. இரட்டை இசைத்தட்டு,
அட்டையில் வயலின் வில்லும் கிதார் கழுத்தும்
கல்யாணப் பத்திரிகைபோல் சாய்ந்துகொண்டு.
‘நேரடிப் பதிவு’ என்று பொன்னெழுத்தில்.
நான்காம் பாட்டு.
இரண்டாம் சரணத்தைப் போஹுஷே பாடுகிறார்.
சொல் சொல்லாக, சிக்கலே இல்லாமல்.

ஒலிப்பதிவு ரோஸ்த்யா பீர் வாங்கித் தந்து ஒப்புக்கொண்டான்:
ப்ர்னோவில், ஒரு செவ்வாய்க்கிழமை, இஞ்சித் தேநீரோடு.
எல்லா மைக்கிலும் கூட்டத்தைத் துடைத்துவிட்டோம்.
உன்னுடையதில் மட்டும் முடியவில்லை.
அவர்களை எடுத்தால் உன் சுரமும் வந்துவிடுகிறது.
அது இல்லாவிட்டால்
பாட்டுக்கு அடி இல்லை.

அதனால் இருக்கிறார்கள்.
ஹெட்போன் போட்டு, வலது காதில்,
என் சுரத்துக்குக் கீழே,
சுவருக்கு அப்பால் நடக்கும் விருந்துபோல
மூவாயிரம் பேர்.
தேடினால் அந்த விளக்குக்காரியும்.

பிப்ரவரியில் டிராம் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன்.
குல்லாய், கையில் மருந்துக்கடைப் பை.
அடையாளம் தெரியவில்லை அவருக்கு;
பஸூன் என்றதும் தெரிந்தது.
“நாலாம் பாட்டு கேட்டாயா?
அன்றைக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை” என்றார்.
தலையாட்டினேன்.
வேறென்ன செய்ய.

இரண்டாம் எண் டிராம் வந்தது.
படியேறும்போது அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டே போனார்
இரண்டாம் சரணத்தை.
கதவு மூடுவதற்குள் எனக்குக் கேட்டது.
உலை என்று பாடவில்லை.