வலிக்கண்ட

வியாழன்தோறும் நெய்யாற்றின்கரையிலிருந்து வருவார் டாக்டர் பிஜு.
களியக்காவிளையில், டயர் கடை மாடியில் எங்கள் தியேட்டர்.
நூல் வெட்டுவது நான்.

"வலிக்கண்ட, பிரபிஷே."
பாறசாலையில் வலிப்பது என்றால் இழுப்பது,
திருநெல்வேலியில் நோவது.
நடுவில் எங்களுக்கு இரண்டும்தான்.

இழுக்க வேண்டியதையெல்லாம்
அடிப் படலத்திலேயே இழுத்துக் கட்டியாயிற்று.
தோல் சும்மா வந்து படுக்க வேண்டும்,
கொடியிலிருந்து எடுத்த போர்வை மாதிரி.
மிச்சத்தைக் கத்தரித்துக் கிண்ணத்தில் போட்டோம்.
பிறை போல ஒரு துண்டு.
ஏழெட்டு வருஷம் இருக்கும்.

காதின் முன்னால் ஆறு சைபர் நைலான்,
கண்ணாடி போட்டாலும் எனக்குத் தட்டுப்படாது.
முடிக்குள் ஸ்டேப்ளர் போதும்.
மடலை மட்டும் தொங்க விட வேண்டும்,
கீழே இழுபட்டால்
அதுவே ஊருக்குச் சொல்லிவிடும்.

ஐந்தாம் நாள் முன்தையல் பிரித்தேன்.
ரோஸ்லெட் அக்கா கண்ணாடியை வாங்கவில்லை.
போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.
திறக்கவில்லை.
இன்னொரு தடவை. இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
"சிரிக்காதீங்க அக்கா, வலிக்கும்."

எந்த வலி என்று கேட்காமல்
நாலு எண்ணை அழுத்தித் திறந்தார்.
மஸ்கட்டிலிருந்து பதினொரு மிஸ்டு கால்,
எல்லாம் வீடியோ.