இடது இமை

தவநேசன் நடித்தது ஒரே படம்,
அதிலும் பிணமாக.
உப்புவெளி மணலில் உச்சி வெயிலில்
கிடந்தவனின் இடது இமை
ஒருக்கால் துடித்துவிட்டது.
திரும்ப எடுக்கப் பிலிம் இல்லை;
அப்படியே விட்டார்கள்.

திருமலையில் படம் ஐந்து நாள் ஓடியது.
அந்த இடம் வர
"டேய், செத்தவன் முழிக்கிறான்" என்று
விசிலடிப்போம்.
பின்வரிசையில் இருந்து
அவன்தான் எல்லாருக்கும் முதல்.

அடுத்த படத்தில் வசனம் இருக்காம்,
கொழும்புக்கு வரச் சொன்னவையாம்.
ஐப்பசியில் செங்கமாரி.
இருபத்துநாலு வயது.

பாலையூற்று வீட்டில், பெட்டிக்குள்,
மீசையை யாரோ வடிவாய்க் கத்தரித்திருந்தார்கள்.
மழையில் நனைந்த சனம்
முகம் பார்த்து முகம் பார்த்து நகர்ந்தது.
நான் நகரவில்லை.
பின்னால் நின்றவர் தோளைத் தட்டும்வரை
அந்த இடது இமையையே பார்த்தபடி,
விசிலை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு
நின்றேன்.