நூற்றைம்பது குரோன்

எஸ்டோனியா, பைடே நகரம், ஜூன் 1992

ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபிள்தான் மாற்றலாம் என்றது வானொலி.
கைக்கு வருவது நூற்றைம்பது குரோன்.
அதற்குமேல் வைத்திருப்பவர்கள் அழட்டும்.
எங்களிடம் இல்லை, அழவில்லை.

எண்டெல் எழுந்ததும் பாஸ்போர்ட்டுகளைச் சேகரித்தான்.
இன்னும் பழைய சிவப்பு அட்டைதான்.
அவனுடையது, என்னுடையது, மகனுடையது.
சீட்டுக்கட்டுபோல் தட்டி அடுக்கி
சட்டைப்பையில் வைத்தான்.
பதினெட்டு வருடமாக என் சம்பளமும்
அந்தப் பையில்தான் படுத்து எழுகிறது.
"நானே போய் வாங்கிவந்துவிடுகிறேன்" என்றான்.

அவனைக் குறை சொல்ல வரவில்லை.
நீலம் கறுப்பு வெள்ளைக் கொடியைப்
புகைபோக்கிக்குப் பின்னால்
பதினோரு வருடம் ஒளித்துவைத்தவன்.
முதல்முறை விரித்தபோது
கரி படிந்து வெள்ளையும் கறுப்பாகவே இருந்தது.
எண்டெல் குழந்தைபோல் விம்மினான்.
நான் துவைத்தேன். மூன்று தண்ணீர்.

மூன்று ஆகஸ்டுக்கு முன் தூரி சாலையோரம்
கைகோத்து நின்றோம்,
மூன்று நாட்டு நீளத்துக்கு மனிதர்கள்.
என் வலக்கை முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.
மெலிந்த, வியர்த்த, பசை வாசனை அடித்த கை.
இடக்கை எண்டெலிடம்.
நேரம் முடிந்து எல்லாரும் விட்ட பிறகும்
அவன் விடவில்லை. மணிக்கட்டு சிவந்துவிட்டது.
அன்பு என்று நினைத்தேன்.
இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் மொழியில் சுதந்திரத்துக்கு உள்ள சொல்லைப் பிரித்தால்
'தானே நிற்றல்' என்று வரும்.
பால் ஆலையில் கொழுப்பு அளந்துகொண்டிருந்த ஒரு மதியம்
சும்மா பிரித்துப் பார்த்தேன், பிறகு சேர்க்க முடியவில்லை.
நாடு நிற்கிறது, சரி.
பெட்ரோல் இல்லாமல், கடையில் சாமான் இல்லாமல்,
குளிர்காலம் முழுக்கக் குழாயில் வெந்நீர் இல்லாமல்
பல் கிடுகிடுக்க நிற்கிறது.
பழைய எஜமானிடம் போய் வெந்நீர் கேட்போம் என்று
ஒருவர்கூடச் சொல்லவில்லை.
எனக்கு மட்டும் வெந்நீர் இருந்தது.
எண்டெல் விடியுமுன் எழுந்து விறகு வைத்துக் காய்ச்சுவான்.
அதுதான் சிக்கல்.

"கொடு" என்றேன்.
"எதை?"
"என்னுடையதை."
அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

வரிசை பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கித்
தேவாலயத்தைச் சுற்றி வளைந்திருந்தது.
எனக்கு முன்னால் ஸோயா,
எங்கள் மாடிப்படியில் இருபத்தாறு வருடம் குடியிருப்பவள்,
ரியாஸானிலிருந்து வந்தவள்.
வெளியே வந்ததும் இரண்டு தடவை எண்ணினாள்.
"எனக்கும் அதே நூற்றைம்பது, ஹெல்வே.
பணம் என்னைச் சேர்த்துக்கொண்டது.
நாடு சேர்த்துக்கொள்ளுமா?"
என்னிடம் பதில் இல்லை.
வரிசை நகர்ந்தது,
நானும் ஓர் அடி நகர்ந்தேன். அந்த ஓர் அடி இன்னும் உறுத்துகிறது.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேஜை.
நூல் கட்டிய பேனா.
"கையெழுத்து" என்றாள் பெண்.
யாருடையது என்று கேட்கப் பார்த்தேன்.
எனக்குத் தோள் வலிக்குமளவு சின்ன எழுத்தில் என் பெயரை இட்டேன்.
நோட்டுகள் மடிப்பறியாதவை.
பத்தின் பின்பக்கம் ஒரு ஓக் மரம்,
சுற்றிலும் ஆளில்லை.

மூன்று பேருக்குப் பிறகு எண்டெல் வந்தான்.
பழக்கத்தில் உள்ளங்கை நீண்டது,
இருட்டில் விளக்குச் சுவிட்சைத் தேடுவதுபோல.
அதில் பணத்தை வைக்கவில்லை.
பாஸ்போர்ட்டையும் வைக்கவில்லை.
என் கையை வைத்தேன்.
ரொட்டிக்கடை வரை நடந்தோம்.
அங்கே என் காலணி வார் அவிழ்ந்தது,
கையை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

கட்டி நிமிர்ந்தபோது
அவன் கை அங்கேயே காற்றில் நின்றிருந்தது.
"காப்பி குடிக்கலாமா?" என்றேன்.
"நான் வாங்கித் தருகிறேன்."