எட்டு மில்லி

குமுளி ஆஸ்பத்திரி மேசையில்
ஜின்ஸி மூன்று லென்ஸைப் பரப்பினாள்.
"இது தூரத்துக்கு மட்டும், சேச்சி. கிட்டத்துக்குக் கண்ணாடி போடணும்.
இது ரெண்டுக்கும் ஆகும்,
ராத்திரி வெளிச்சத்தைச் சுத்தி வளையம் தெரியும்.
இது கோணல் பார்வைக்கு, உங்களுக்கு வேண்டாம்."
எல்லாம் ஆறு மில்லி.

ஏலக்காயை ஏழு, எட்டு என்று சலித்த கைக்கு
ஆறு என்றால் பொடிக்காய்.

"எதுல பச்சை பச்சையாத் தெரியும்?"
விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

கம்பமெட்டு வளைவில் எதிரே வரும் ஜீப்புகளை நினைத்து
வளையம் வேண்டாம் என்றேன்.
விலையும்தான்.

பத்தாம் நாள், வண்டன்மேடு.
ஒரு காயை எடுத்து இடக் கண்ணை மூடினேன்:
நேற்று ஸ்டோரிலிருந்து இறங்கிய பச்சை.
வலக் கண்ணை மூடினேன்:
போன வருசத்துச் சரக்கு.
அதே காய்.

இரண்டு சீசனாய்
ஔசேப்பின் மூட்டைகளை
இரண்டாம் தரத்தில் தள்ளியிருக்கிறேன்.
ஒருநாளும் வந்து கேட்டதில்லை.
"செல்லக்கிளி பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்பாராம்.

இடக் கண்ணுக்குத் தேதி சொல்ல
ஜின்ஸி போன் போடுகிறாள்.
பொறு, கொச்சே.
அவர் வரட்டும்.
இரண்டு கண்ணும் இப்படியே இருக்கும்போதுதான்
அவரிடம் சொல்ல வேண்டும்.