ஆறு வயதில் வரும் பல்

வெள்ளி மருந்துப் புட்டியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன்,
உறைந்துவிடக் கூடாதே என்று.
யாருக்கோ காய்ச்சல் பார்ப்பதுபோல.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
லுவ்சான் எஞ்சினை அணைக்கவேயில்லை.
அணைத்தால் நாளைக்குத்தான் கிளம்பும் என்றார்.

கம்பளிக் கூடாரத்துக்குள் சாண அடுப்பு,
உப்புப் போட்ட பால் தேநீர்.
ஏழு வயது ஸோல்சயா, ஒரு கன்னம் வீங்கி,
என்னைக் கண்டதும்
முந்திப் பிறந்த ஆட்டுக்குட்டியை மடியில் இழுத்துக்கொண்டாள்.
முதலில் இதன் வாயைப் பார்.

பார்த்தேன். மேலே முன்பல்லே இல்லை.
"எல்லாம் சொத்தையாகி விழுந்துவிட்டதா?"
இல்லை, ஆட்டுக்கு அங்கே முளைப்பதேயில்லை என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுத்
தன் வாயைத் திறந்தாள்.

"பால்பல்தானே" என்றார் அம்மா பதம்செசெக்.
"விழுந்தால் கொழுப்பில் பொதிந்து நாய்க்குப் போடுவோம்.
நாயின் பல்போல் உறுதியாய் ஒன்று வரும்."
நானும் அப்படிப் போட்டவள்தான்.
எங்கள் நாய் கொழுப்பை நக்கிவிட்டுப்
பல்லைத் துப்பியது.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் கடைசியில் நிற்கிறதே, இந்தப் பல்,
எதுவும் விழாமல் வந்தது.
ஆறு வயதில், பின்வாசல் வழியாக,
ஆட்டமில்லை, ரத்தமில்லை.
யாரும் அதற்காக நாயைக் கூப்பிடவில்லை.
இதற்குப் பிறகு இன்னொன்று கிடையாது.

பதம்செசெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.
நாக்கால் தன் கடைவாயைத் தேடினார்.
அங்கே ஒரு பள்ளம் இருப்பதை
அவர் கன்னம் எனக்குச் சொல்லிவிட்டது.

பள்ளி விடுதிக்கு எதிரே ஒரு கடை.
சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார்கள்.
ஐம்பது துக்ரிக்குக்கு ஒன்று,
நூறுக்கு இரண்டு.
பிள்ளை கணக்கில் கெட்டி.
ஒரு வருடத்துச் சில்லறை முழுவதையும்
வாயில்தான் சேர்த்து வைத்திருக்கிறாள்.

வீங்கிய பால்கடைவாயை எடுத்தேன்.
டார்ச் பிடிக்க வந்த லுவ்சான்
ஊசியைப் பார்த்ததும்
கூரைத் துளை வழியே வானம் பார்த்தார்.
வெளிச்சமும் அவரோடு போயிற்று.
பிள்ளை அழவில்லை. ஆட்டுக்குட்டி கத்தியது.

பிறகு புட்டியை எடுத்தேன்.
"கறுத்துவிடும்" என்றேன்; இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
"சொத்தை நிற்கும். நின்ற இடம் கறுப்பாகத் தெரியும்."
"எவ்வளவு கறுப்பு?"
அடுப்புக் குழாயைக் காட்டினேன்.

பின்னால் இருப்பது வெளியே தெரியாது.
முன்னால் நான்கு தெரியும்,
அவை விழும்வரை, சிரிக்கும்போதெல்லாம்.
அம்மா பிள்ளையைப் பார்த்தார்.
வெளியே எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"கடைசிப் பல்லுக்குப் போடு" என்றாள் ஸோல்சயா.
"முன்னால் இரண்டுக்கு மட்டும்."
படித்த படிப்பு நான்கு என்றது.
நான் இரண்டுக்குப் பூசினேன்.
மீதி வசந்தத்தில், அவள் மனம் மாறினால்.

தூரிகை கொடுத்தேன். பட்டாணியளவு பசை,
காலையிலும் படுக்கப் போகுமுன்னும்.
துப்பு, ஆனால் கொப்பளிக்காதே.
பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் காய்ச்சும் வீட்டில்
அந்த ஒன்றாவது சுலபம்.
மீதிச் சில்லறையைக் காசாகவே கேள் என்றேன்.
கடைக்காரரிடம் காசு இருக்காது என்றாள்.
அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பதம்செசெக் பல்லைக் கொழுப்பில் பொதிந்துகொண்டு
வெளியே போனார்.
இந்த நாய் அப்படியே விழுங்கியது.

இரவு, ஊர் திரும்பி உடை களைந்தபோது
விலாவில் கறுப்பாய் ஒரு பொட்டு.
மூடி கசிந்திருக்கிறது.
சோப்பு போட்டுத் தேய்த்தேன்.
போகாது என்று தெரிந்தே தேய்த்தேன்.
பத்து நாளில் தோல் உரிந்து தானாய்ப் போய்விடும்.

அவள் பல்லில் போகாது.
போய்விடக் கூடாது.