விரிப்புக்குப் பின்னால்

புத்தக அலமாரியின் மேல்தட்டை
படுக்கை விரிப்பால் மறைத்தாள் ரக்ன்ஹில்ட்.
பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள்.
எழுபத்தெட்டில் வாங்கிய வால்நட் பெட்டிகள்,
நுரை வளையம் இருமுறை மாற்றியவை.
போன வாரம் வந்தவை வெள்ளை,
ஆளுக்கொரு ரொட்டி அளவு.
"எது எதுன்னு சொல்லு பார்ப்போம்."

ட்ரொண்ட்ஹைமில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஸ்வெர்ரே அதற்குமேல் கண்ணையும் மூடிக்கொண்டான்.

முதலில் செல்லோ,
கம்பளிச் சட்டைக்குள் கை நுழைத்ததுபோல.
"பழசு."
சரிதான்.
சுவிட்சைத் தட்டினாள்.
செல்லோ நாற்காலியை இழுத்துப்போட்டு
அவன் முழங்காலருகே உட்கார்ந்தது,
வில்லின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக.
"புதுசு. வாய் கொஞ்சம் நீளம்."

அடுத்து அந்தத் தேவாலயக் கச்சேரி,
இருவரும் மூன்றாம் வரிசையில் இருந்த மாலை.
மெல்லப் போகும் இடத்தில், இடதுபக்கம்,
யாரோ இருமினார்கள்.

நாற்பது வருடமாக
இந்த இசைத்தட்டில் இல்லாத இருமல்.

"நான்தான்," என்றாள் அலமாரியருகே நின்று.
"அடக்கிப் பார்த்தேன். முடியல."

வால்நட்டுக்குக் காது கேட்கவில்லையா,
கேட்டும் நாகரிகமாக
விழுங்கிக்கொண்டே வந்ததா?

ஊசியைத் தூக்கப் போனவளை நிறுத்தி
"அந்த இடத்தை இன்னொரு தரம்" என்றான்.
எதில் என்று
அவள் கேட்கவில்லை.