மோந்து பார்த்தல்

இரவு இரண்டு மணி. மைனஸ் இருபத்தாறு.
கயானி நகரில் விழித்திருப்பது
நானும் பனி வாரும் வண்டிக்காரனும்தான்.
பின்சீட்டில் இருநூற்றுப் பத்து செய்தித்தாள்கள்.
நிறுத்து, இறங்கு, செருகு, ஏறு, கிளப்பு.
எஞ்சின் சூடு காண்பதற்குள்
அடுத்த வீட்டுப் பெட்டி வந்துவிடும்.

எண்ணெய் மாற்றிய அன்று மொய்லானன் சொன்னான்:
"அடுத்த மாற்றத்துக்குள் ஒரு லிட்டர் குடிக்கும்,
போனால் ஒன்றரை.
குடிக்காத வண்டி கிடையாது.
குடிப்பதை மறைக்கிற வண்டிதான் உண்டு."
தன் தம்பியைப் பற்றியும்
இதையேதான் சொல்வான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் நான்.
ஞாயிறுதோறும் அளவுக்கம்பியை உருவி,
விற்காமல் மிஞ்சிய விளையாட்டுப் பக்கத்தில் துடைத்து,
செருகி, மறுபடி உருவி,
விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பேன்.
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு,
இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை.
நோட்டில் எழுதுவேன்.
நவம்பர் ஒன்பது: மேல்கோடு.
நவம்பர் முப்பது: மேல்கோடு.
டிசம்பர் இருபத்தொன்று: மேல்கோடு,
ஒரு மயிரிழை தாண்டியே இருக்கிறதோ?

மாதம் ஒரு டப்பா ஊற்றும் ஹெய்மோவிடம்
கிடங்கில் வைத்துப் பீற்றிக்கொண்டேன்:
என் வண்டிக்கு ஒரு சொட்டுப் பழக்கமும் இல்லை.

அந்தக் குளிரில்தான் எஸ்கோ
வேலையென்று ரொவானியெமிக்குப் போய்
அங்கேயே இருந்துவிட்டான்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள்.
ஒன்றும் குறையவில்லை என்றேன்.
குரலும் நன்றாகத்தான் வந்தது.

மார்ச்சில் அக்கா ஐலா ஹெல்சிங்கியில் வீடு மாறினாள்.
புறப்பட்டேன். நிற்கவே இல்லை.
நவம்பருக்குப் பிறகு அன்றுதான்
எஞ்சின் முழுச்சூடு கண்டது.
மிக்கேலி தாண்டியதும்
நானும் கோட்டைக் கழற்றி எறிந்தேன்.
ஹெய்னோலாவுக்கு முன்னால்
மஞ்சள் விளக்கு எரிந்தது:
குட்டி எண்ணெய்க்கெண்டி, மூக்கில் ஒரு சொட்டு.

பெட்ரோல் பங்கில் கம்பியை உருவினேன்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே,
நுனியில் மட்டும் கொஞ்சம் கருப்பு.
நாலு மாதம் குடிக்காதது
நாலு மணி நேரத்தில் எப்படிக் குடித்தது?

தொலைபேசியில் மொய்லானன்
எதையோ மென்றுகொண்டே கேட்டான்:
"கம்பியை ஒருநாளாவது மோந்து பார்த்தாயா?"
பார்த்திருக்கிறேன். மோந்ததில்லை.
"குளிரில் குட்டிக்குட்டி ஓட்டம்.
எரியாத பெட்ரோல் வளையம் தாண்டி
எண்ணெய்க்குள் இறங்கும்.
ஒரு கரண்டி இது போகும், ஒரு கரண்டி அது வரும்.
கம்பிக்கு என்ன தெரியும்,
நனைந்த இடம்வரை காட்டும்.
இன்றைக்கு நீ சூடேற்றினாய்,
வந்தது ஆவியாகிவிட்டது."
"அப்போ எண்ணெய்?"
"அது எப்பவோ போச்சு."

பதினேழு யூரோ ஒரு லிட்டர்.
புனல் கேட்டேன், இல்லை என்றாள் கல்லாப் பெண்.
அன்றைய தலையங்கத்தைக் கூம்பாய்ச் சுருட்டி ஊற்றினேன்.
எழுத்தெல்லாம் ஊறிக் கண்ணாடியானது.
எண்ணெய் இறங்கட்டும் என்று
பத்து நிமிடம் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.
பத்து என்பது
இருபத்தைந்து ஆயிற்று.

இப்போதும் ஞாயிறுதோறும் உண்டு.
துடைப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோகிறேன்.
நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டிருக்கிறேன்.
கிடங்கு வாசலில் ஹெய்மோ பார்த்துவிட்டு
பைத்தியமா என்றான்.
கம்பியை நீட்டினேன்.
குனிந்து மோந்தான்.
ஒன்றும் சொல்லாமல்
தன் வண்டியின் மூடியைத் தூக்கப் போனான்.